சிறப்புரைக்குப் பிறகு துளி

உருகிய கந்தகத்துக்குப் பொறுமை கிடையாது. அடுப்பைத் தணித்தால் கல்லாகிவிடும். அடுப்பைக் கூட்டினால் பாகு மாதிரி இறுகிக் கரண்டியைப் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே கொஞ்ச நேரம்தான் தண்ணீராக ஓடும். வேலையை அதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும். இது கும்மிடிப்பூண்டி பக்கம் கந்தகம் காய்ச்சிய எல்லோருக்கும் தெரியும். உருகுபொருள் வடிவ நிர்ணய வாரியத்துக்குத் தெரியாது. வாரியம் அதுவரை எதையும் காய்ச்சியதில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. செங்கல்வராயன் என்கிற இன்ஜினியர், ரயில்வே ஸ்டேஷனுக்கு மேற்கே ஒரு தகர ஷெட்டில் கந்தகம் அரைத்து விற்றுக்கொண்டிருந்தான். கப்பலில் வரும் கந்தகக் கட்டியை வாரியம்தான் ஒவ்வொரு பட்டறைக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும். அவனுக்குக் கிடைத்த பங்கு பொடி செய்வதற்கு. பொடியைத் தவிர வேறு எந்த வடிவத்தில் விற்றாலும் பங்கு ரத்து. ஆகவே அரவை மெஷின் ஓடியது. பொடி மூட்டைக்குப் போயிற்று. தூசு மேரியின் கண்ணுக்குப் போயிற்று.

மேரி பெத்திக்குப்பத்திலிருந்து நடந்து வருகிறவள். நாற்று நட்டுக்கொண்டிருந்த கை, கம்பெனிகள் வந்த பிறகு கந்தகம் அள்ளக் கற்றுக்கொண்டது. ஈரத்துணியால் வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு மெஷின் வாயில் கட்டியைப் போடுவாள். கண்ணைக் கட்டிக்கொண்டு போட முடியாதே. அது மட்டும் திறந்திருந்தது. கண்ணுக்கு அடுத்த பயம் தீ. கந்தகத் தூசுக்கு ஒரு பொறி போதும். ஒருமுறை கட்டிக்குள் கிடந்த ஆணி உரசி, அவள் முன்தலை முடி கருகியது.

"சார், நேத்து எம் பொண்ணு கிரேசு மின்னாடி வந்து நின்னுகினு கீது. நா யாருமா நீயின்னு கேக்குறேன். அது சிரிக்குது. எனுக்குச் சிரிப்பு வர்ல" என்றாள் ஒரு நாள் காலையில்.

செங்கல்வராயனுக்கும் வரவில்லை. அன்றிலிருந்து அவனுக்கு ஒரே யோசனை, அரவை மெஷினை நிறுத்துவது எப்படி என்று.

கந்தகத்தை அரைக்காமலே சின்னதாக்க வேண்டும். உருக்கித் துளித்துளியாக விழவைத்து, விழும்போதே காற்றில் இறுகச் செய்தால் தூசு இராது. ஷெட்டு வாசலுக்கு எதிரே பனங்கட்டைகளை நட்டு, தகரம் சுற்றி, ஒரு கோபுரம் எழுப்பினான். உச்சியில் அண்டா. அண்டாவின் அடியில் பொடிப்பொடி ஓட்டைகள் போட்ட தகடு. சும்மா விட்டால் துளி ஒன்று சுண்டைக்காய் அளவும் இன்னொன்று கடுகு அளவுமாக விழுந்தது. பழைய மின்சார மணியைக் கழற்றி, அதன் நாக்கைத் தகட்டோடு இணைத்து, விடாமல் அதிரவைத்தான். அந்த அதிர்வுக்கு ஏற்றபடி, ஒழுகிய ஒவ்வொரு இழையும் ஒரே இடத்தில் அறுந்தது. கீழே வந்து சேர்ந்த மணிகள் அத்தனையும் ஒரே அளவு, மஞ்சள் ஜவ்வரிசி போல.

மேரி ஒரு கைப்பிடி அள்ளி மறு கையில் கொட்டினாள். தூசு எழவில்லை.

"இத்த மின்னாடியே செஞ்சிருந்தா இன்னா சார்?" என்று கேட்டாள். அவளுக்கு இப்படித்தான் பாராட்டத் தெரியும்.

துளியும் ஒரு வடிவம்தான் என்று வாரியம் ஒப்புக்கொண்டு சான்றிதழ் கொடுத்துவிட்டால், பங்கு துளிக்கு மாறும், அரவை மெஷினைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம். வாரியம் வந்து துளி விழுவதைக் கண்ணால் பார்த்தால் போதும். செங்கல்வராயன் மனு போட்டான். அவனுக்கு அப்போது முப்பத்திரண்டு வயதுதான். நல்ல விஷயத்தைக் கண்ணால் பார்த்தால் எவனும் ஒப்புக்கொள்வான் என்று நம்புகிற வயது.

வாரியத்தில் ஆய்வு என்று தனியாக ஒன்று இல்லை. விழாதான் உண்டு. இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, பிறகு செயல் விளக்கம், அதன்பின் நன்றியுரை. வரிசையை மாற்றக் கூடாது. ஒருமுறை திருவள்ளூரில் செயல் விளக்கத்தை முதலில் வைத்துவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். சிறப்புரையைக் கேட்க நாற்காலிகள்தான் மிஞ்சின. அந்தத் தவறு மறுபடி நடக்கக் கூடாது என்று விதியே எழுதிவிட்டார்கள்.

முதல் விழாவுக்குத் துணை இயக்குநர் பூவராகவன் வந்தார். அவருக்கு மாலை போட்டு, பன்னீர் தெளித்து, ஷெட்டு வாசலில் பந்தலில் உட்கார வைத்தார்கள். எழுத்தர் முனிகிருஷ்ணன் மைக்கைத் தட்டிப் பார்த்து, வந்திருந்த எல்லோரையும் ஒவ்வொருவராக 'அவர்களே' போட்டு விளித்தார். பக்கத்துப் பட்டறைக்காரர்களை விளித்து முடிப்பதற்குள் கந்தகம் உருகிவிட்டது.

பூவராகவன் எழுந்தார்.

"எனக்குக் கந்தகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள். உண்மைதான். தெரிந்திருந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட மாட்டேனா? இந்தப் பதவிக்கு வந்து இத்தனை காலத்தில் எந்தப் பொருளைப் பற்றியும் எதையும் தெரிந்துகொள்ளாமல் நடுநிலையைக் கட்டிக் காத்திருக்கிறேன். கந்தகம் என்றால் கனல். கனல் என்றால் கடமை. கடமை என்றால் கட்டுப்பாடு..."

கோபுர உச்சியில் செங்கல்வராயன் அடுப்பைத் தணித்தான். ஓரமெல்லாம் கல்லாக ஆரம்பித்தது. கூட்டினான். பூவராகவன் கட்டுப்பாட்டிலிருந்து கண்ணியத்துக்குப் போய், அங்கிருந்து தன் கல்லூரி நாட்களுக்குப் போனார். மேலிருந்து செங்கல்வராயன் கையைக் காட்டினான். தன்னை வாழ்த்தித்தான் கையசைக்கிறான் என்று நினைத்து அவரும் கையசைத்தார். கந்தகம் கறுத்துப் பாகாகித் தகட்டில் அப்பிக்கொண்டது. சிறப்புரை முடிந்து எல்லோரும் அண்ணாந்து பார்த்தபோது ஒரு துளிகூட விழவில்லை.

"பொருள் ஒத்துழைக்கவில்லை" என்று அறிக்கை எழுதினார்கள்.

எனக்கு அந்த வாரியத்தின்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் செங்கல்வராயன் கோபப்படவில்லை. வாரியம் நடத்தும் கூட்டங்களுக்கு வேலை மெனக்கெட்டுப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து, சிறப்புரைகள் எவ்வளவு நீளம் போகும் என்று பார்த்துவிட்டு வந்தான். பிறகு இரட்டைச் சுவர் வைத்த அண்டா ஒன்று செய்தான். நடுவில் எண்ணெய். சூடு ஏறினால் அடுப்பு தானாகத் தணியும், இறங்கினால் தானாகக் கூடும். கந்தகம் பொழுதுக்கும் தண்ணீராகவே இருந்தது. வெளிநாட்டுக்காரன் செய்திருந்தால் அதற்குப் பெரிய பெயராக வைத்திருப்பான். மேரி அதற்குச் சிறப்புரை அண்டா என்று பெயர் வைத்தாள்.

இன்னொரு காரியமும் செய்தான். அரவை மெஷின் ரிப்பேர் என்று சொல்லி, பெல்ட்டைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிட்டான். கையிருப்புப் பொடியை வைத்துச் சமாளித்தான். மேரி கோபுரத்தடியில் உட்கார்ந்து மணி அள்ளினாள். கொஞ்ச நாளில் அவள் கண்ணில் சிவப்பு குறைந்தது.

"இப்ப பரவால்ல சார். ரயிலு வரச்சொல்ல ஜன்னலு தனித்தனியா தெரியுது" என்றாள்.

இரண்டாவது விழாவுக்குப் பூவராகவனோடு மூன்று உறுப்பினர்களும் வந்தார்கள். பெருந்துளி உறுப்பினர் ஒருவர், நடுத்துளி உறுப்பினர் ஒருவர், சிறுதுளி உறுப்பினர் ஒருவர். துளி என்று மனு வந்ததும் வாரியம் அவசரமாக உண்டாக்கிய பதவிகள் அவை. மூவரும் அவரவர் துளியைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். மூவரும் ஆளுக்கொரு வாழ்த்துரை வழங்கினார்கள். சிறுதுளி உறுப்பினர்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்து, செங்கல்வராயன் உச்சியில் சுவிட்சைப் போட்டான். துளி விழுந்தது. மஞ்சள் மழையாக, ஒன்றைப் போலவே ஒன்றாக, சடசடவென்று தகரத்தில் விழுந்து குவிந்தது. கீழே நின்ற மேரிக்குக் கண் கலங்கிவிட்டது, இந்தத் தடவை தூசு இல்லாமலே. அவன் இறங்கி ஓடி வந்து ஒரு தட்டு நிறைய மணியை அள்ளிப் பூவராகவன் முன்னால் வைத்தான்.

பூவராகவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"எல்லாம் ஒரே அளவாக இருக்கிறதே."

"ஆமா சார்" என்றான் செங்கல்வராயன். முகமெல்லாம் சிரிப்பு.

"அதுதான் சிக்கல். நடுத்துளி மட்டும்தான் இருக்கிறது. மற்ற இரண்டு உறுப்பினர்கள் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது?"

பெருந்துளி உறுப்பினர் மனம் உடைந்து போயிருந்தார். சிறுதுளி உறுப்பினர் இன்னும் நுட்பமாக யோசித்தார். "ஒரே அளவு என்கிறீர்கள். வேறு அளவில் ஒன்றும் இல்லாதபோது இதை எதோடு ஒப்பிட்டு ஒரே அளவு என்று சொல்வது?" என்றார். நடுத்துளி உறுப்பினர் ஒரு மணியை விரலில் உருட்டிக்கொண்டு, "எங்கள் வீட்டில் தீபாவளிக்குப் பூந்தி போடுகிறார்கள். அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இதில் கண்டுபிடிப்பு எங்கே வந்தது?" என்று கேட்டார்.

பூவராகவன் தீர்ப்பு சொன்னார். "இது அரவைக்கு மாற்று என்று மனுவில் எழுதியிருக்கிறீர்கள். இங்கே அரவையே நடக்கவில்லை. நடக்காத ஒன்றுக்கு மாற்று எப்படி இருக்க முடியும்? அடுத்த விழாவில் அரவை மெஷினும் ஓட வேண்டும். வழக்கமாக ஓட்டும் ஆளே ஓட்ட வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வாரியத் தலைவரே வருவார்."

"சார், அது தீப்பிடிக்கிற மெஷின் சார். அந்தம்மாவுக்குக் கண்ணு போயிக்கினு இருந்துச்சு, இப்பதான் நிறுத்தி வெச்சிருக்கேன்." பதற்றத்தில் செங்கல்வராயனுக்குப் படித்த பேச்சு மறந்து ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"கண் சுகாதாரத் துறை. தீ தீயணைப்புத் துறை. எங்கள் துறை வடிவம்" என்று பூவராகவன் அன்பாகவே விளக்கினார். "பிறர் துறையில் தலையிடுவது அநாகரிகம் இல்லையா?"

அவர்கள் போன பிறகு செங்கல்வராயன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். மேரிதான் விடவில்லை.

"ஒரு நாளுதானே சார். ஓட்டிக் காமிச்சிட்டு ஒரேயடியா ஒழிச்சுக் கட்டிடலாம். இத்தினி நாளு பேஜாருபட்டாச்சு, இன்னும் ஒரு நாளுல இன்னா கொறைஞ்சிடப் போவுது?"

அவனும் தலையாட்டினான். அதற்காக அவன் பிற்பாடு எத்தனையோ தடவை தலையில் அடித்துக்கொண்டான்.

மூன்றாவது விழா ஆடி மாதத்தில் வந்தது. வாரியத் தலைவர் ஆதிகேசவன் உள்ளே நுழையும்போது அரவை மெஷின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், நின்றிருந்தால் மரியாதைக் குறைவு என்று முனிகிருஷ்ணன் காலையிலேயே வந்து சொல்லிவிட்டார். காலையிலேயே ஓட விட்டார்கள். தலைவர் வழியில் பெரியபாளையத்தம்மனைக் கும்பிட்டுவிட்டு வருவதாகச் செய்தி வந்தது. ஆடி மாதக் கூட்டத்தில் வண்டி நகரவில்லை என்று அடுத்த செய்தி வந்தது.

"கொஞ்சம் நிறுத்தலாமா சார்? பேரிங் சூடாவுது" என்றான் செங்கல்வராயன்.

"நிறுத்துனதும் அவரு வந்துட்டா நா இன்னா பண்றது? எனக்குப் புள்ளகுட்டி கீது சார்" என்றார் முனிகிருஷ்ணன்.

நல்ல வெயிலில் ஆதிகேசவன் வந்து சேர்ந்தார். நெற்றியில் குங்குமம், கையில் வேப்பிலை. செங்கல்வராயன் கோபுரத்தில் ஏறிச் சிறப்புரை அண்டாவின் பக்கத்தில் நின்றுகொண்டான். கந்தகம் தயாராக இருந்தது. ஷெட்டுக்குள் மேரி கட்டி போட்டுக்கொண்டிருந்தாள். மெஷினை இழுக்கும் தண்டு அவள் தலைக்கு மேலே, மூட்டைகள் அடுக்கிய பரணை ஒட்டிச் சுழன்றது. பரண் முழுக்கப் பழைய தூசு. வாசல் திறந்திருந்ததால் பந்தலில் இருந்தவர்களுக்கு உள்ளே நன்றாகத் தெரிந்தது. கோபுரம் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"இந்த வாரியம் தொடங்கிய நாளிலிருந்து எந்த வடிவத்துக்கும் நாங்கள் சான்றிதழ் கொடுத்ததில்லை. அவசரப்பட்டுக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தவறான வடிவங்கள் நாட்டில் பெருகியிருக்கும். ஒன்றும் கொடுக்காததால் இன்றுவரை ஒரு தவறும் நடக்கவில்லை. இதுதான் எங்கள் சாதனை" என்றார் ஆதிகேசவன். கைதட்டினார்கள்.

கந்தகத் தீ நீல நிறம். வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. தண்டின் பேரிங் பழுத்துப் பரணில் தூசு பற்றியது யாருக்கும் தெரியவில்லை. மூட்டைகள் உருகிப் பலகை இடுக்கு வழியாகச் சொட்ட ஆரம்பித்தன. ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்று நடுத்தரம். பந்தலில் இருந்தவர்களுக்குத் துளி மட்டும் தெரிந்தது.

"அதோ துளி" என்று பெருந்துளி உறுப்பினர் எழுந்து நின்றார்.

"மூன்று அளவிலும் விழுகிறது" என்றார் சிறுதுளி உறுப்பினர். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

ஆதிகேசவன் பேச்சை நிறுத்தாமல், "பார்த்தீர்களா, என் உரை முடிவதற்கு முன்பே துளி விழுகிறது. ஆர்வம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்" என்றார். கைதட்டல் பலமாக எழுந்தது. பிறகு இருமல் எழுந்தது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கையால் தொடையில் தட்டினார்கள்.

கோபுரத்தின் மேலிருந்த செங்கல்வராயனுக்கு நாற்றம்தான் முதலில் எட்டியது. குதித்தானா இறங்கினானா என்று அவனுக்கே தெரியாது. பந்தலுக்குள் புகுந்து நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு, "தீ, தீ, மேரிக்கா வெளியே வா" என்று கத்திக்கொண்டு ஓடினான். உள்ளே மேரிக்கு முதுகில் என்னவோ சுட்டது. என்ன என்று அண்ணாந்து பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது.

அவளைச் சாக்கில் சுற்றி வெளியே இழுத்துக்கொண்டு வந்தபோது பந்தல் காலி. காற்று சரியில்லை என்று எல்லோரும் கார்களுக்குப் போய்விட்டார்கள். நன்றியுரை வழங்க வேண்டிய செங்கல்வராயன் இடத்தில் இல்லாததால், முனிகிருஷ்ணனே மைக்கைப் பிடித்து இருமிக்கொண்டே நன்றி சொல்லி முடித்தார். வரிசையில் ஒரு குறையும் இல்லை.

பரண் எரிந்து போயிற்று, மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேரியைப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிர் தப்பியது. கண் இரண்டும் போயிற்று.

சான்றிதழ் வந்தது. மூன்று உறுப்பினர்களும் கையெழுத்திட்டிருந்தார்கள். செங்கல்வராயன் அதை எடுத்துக்கொண்டு வாரியத்துக்கு ஓடினான்.

"சார், அது துளி இல்ல சார். அது தீ."

"எங்கள் குறிப்பில் தீ என்று எதுவும் இல்லை" என்றார் பூவராகவன். "சூடான திரவத்திலிருந்து துளி விழுந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பார்த்ததற்குத்தான் சான்றிதழ். ஆகவே பார்த்தபடியே நடக்க வேண்டும். மேலே பரண், கீழே ஓடும் அரவை மெஷின், அதே பணியாளர். பின்னால் நிற்கும் அந்தக் கோபுரத்தை யாரும் பார்க்கவில்லை. தேவையில்லாத கட்டுமானம், பிரித்துவிடுங்கள்."

"அந்தப் பொம்பளைக்குக் கண்ணு போயிடுச்சு சார்."

"வருத்தமாக இருக்கிறது. சுகாதாரத் துறைக்கு எழுதுங்கள்." பூவராகவன் எழுந்து அவன் கையைக் குலுக்கினார். "வாரியத்தின் முதல் சான்றிதழ். பெருமைப்படுங்கள்."

கோபுரத்தை வாரிய ஆட்களே வந்து பிரித்துப்போட்டார்கள். அவன் அன்று முழுவதும் அண்டாவின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அழுதான், வெட்கப்படவில்லை.

பிறகு ஒரு நாள் சான்றிதழின் நிபந்தனையைச் சரிபார்க்க முனிகிருஷ்ணன் வந்தார். மேரியும் மகள் கிரேசின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். முனிகிருஷ்ணன்தான் வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்.

"பரணு சங்கதி அப்பால பாத்துக்கலாம் சார். இன்னிக்கி அரவை ஓடணும். ஓடலன்னா பங்கு ரத்து, ஷெட்டுக்கு சீலு" என்றார்.

"நான் ஓட்டறேன்" என்றான் செங்கல்வராயன்.

"நீங்க கண்டுபிடிப்பாளரு சார். கண்டுபிடிப்பாளரு பணியாளரா ஆவ முடியாது. அதே ஆளு ஓட்டணும்."

"கண்ணு தெரியாதவள மெஷின் முன்னால நிக்க வெக்கச் சொல்றியா?"

"நிபந்தனையில கண்ணப் பத்தி ஒன்னும் இல்ல சார்." முனிகிருஷ்ணன் உண்மையாகவே சங்கடப்பட்டார். "நா இன்னா சார் பண்றது?"

"சீல் வெச்சிட்டுப் போ" என்றான் செங்கல்வராயன்.

மேரி மகளின் தோளை விட்டுவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சீலு வெச்சா நீ பட்டணம் பக்கம் போயி எங்கியாவது பொழைச்சிப்ப சார். நா எங்க போவேன்? இந்தப் பொண்ணு பொன்னேரி இஸ்கூலுக்குப் போயிக்கினு கீது. அது நின்னுட்டா, நாளிக்கி அதுவும் இந்த மாதிரி ஒரு மெஷினு மின்னாடிதான் வந்து நிக்கும்."

"வேணாம் மேரிக்கா. கெஞ்சிக் கேக்கறேன்."

"எதுக்குப் பயப்படுற? போவறதுக்கு இன்னா கீது? இனிமே தூசு வுழுந்தா வுழட்டும்."

அவன் சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்றான். அவள் கையை நீட்டித் தேடினாள். அவன் மார்பில் பட்டது. தோளில் பட்டது. குழந்தையை விலக்குகிற மாதிரி மெல்ல அவனை விலக்கிவிட்டு, சுவிட்சைத் தேடிப் பிடித்துப் போட்டாள்.

மெஷின் சத்தம் கிளம்பியது. முனிகிருஷ்ணன் தலையாட்டிவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய் நின்றார்.